கல்பிறேத் வீட்டுச் சம்பந்தம்

“உங்களுடைய முன்னோரின் குடும்பப் பெயர் என்ன?” என்று மிஸ் டன்பார் கேட்டபோது சற்குணம் திகைத்துப்போனார்.

வாழ்நாள் முழுவதும் அடுத்தவர்களுடைய முன்னோரைப் பற்றியே கேட்டுப் பழகியவர் அவர். அந்தக் கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று அவர் நினைத்ததே இல்லை.

லண்டன் ஸ்ட்ரெதம் மேட்டில், ஸ்கொட்லாந்துக்காரர் கட்டிய பழைய பிரெஸ்பிற்றீரியன் தேவாலயத்தின் பின்னறை அது. சனிக்கிழமைகளில் அங்கே பழைய பதிவேடுகளைப் பார்க்கலாம் என்று வாசல் பலகை சொன்னதை நம்பி, கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்தச் சபைக் குடும்பங்களில் வந்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

“நான் சும்மா ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று...”

“சும்மா பார்க்க முடியாது. ஆட்களுடைய அந்தரங்கம் இருக்கிறதல்லவா?”

“நூறு வருடத்துக்கு முதல் செத்தவர்களுக்குமா?”

“அவர்களால்தானே எழும்பி வந்து ஆட்சேபிக்க முடியாது,” என்றார் மிஸ் டன்பார். ஓய்வுபெற்ற ஆசிரியை. சரித்திரம் படிப்பித்தவர். “சொல்லுங்கள், எந்தக் குடும்பம்?”

உண்மையைச் சொன்னால் அந்தக் கணமே வெளியே போகவேண்டும். சொல்லாமல் நின்றாலும் போகவேண்டும். மூன்று வாரமாக மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு பெயர் அவருடைய வாயிலிருந்து தானாக விழுந்தது.

“கல்பிறேத்.”

மிஸ் டன்பார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தார். கறுத்த அகன்ற நெற்றி. அதில் காலையில் பூசிய திருநீறு மூன்று கோடாகப் பளிச்சென்று இருந்தது.

“கல்பிறேத்?”

“ஓம்... யெஸ்.”

“எங்கிருந்து வந்தீர்கள்?”

“சிலோன்.”

மிஸ் டன்பார் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கையாலும் சற்குணத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“வோல்ற்றர்!” என்றார். “கடைசியில் வோல்ற்றரின் ஆட்கள் வந்துவிட்டீர்கள்!”

லண்டன் முழுக்க, ஏன், சூரிச்சிலும் ரொறன்ரோவிலும்கூட, கலியாணப் பேச்சு என்றால் சற்குணத்துக்கு ஒரு போன் வராமல் இருக்காது. “ஒருக்கால் விசாரிச்சுச் சொல்லுங்கோ அண்ணை” என்பார்கள். விசாரிப்பு என்றால் என்னவென்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். யாரும் அதை விரித்துப் பேசுவதில்லை. ஓஸ்லோ மாப்பிள்ளை ஒருவன் ஏற்கெனவே கலியாணம் கட்டினவன் என்பதைக் கடைக் கல்லாவில் நின்றபடியே கண்டுபிடித்தவர் சற்குணம். பாரிஸ் மாப்பிள்ளை ஒருவனுக்கு வாயில் பாதி கட்டுப்பல் என்று சொன்னார். அது உண்மையாகவும் இருந்தது. இதற்கெல்லாம் அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை. ‘சற்குணம் விசாரிச்சவர்’ என்று நாலு பேர் சொன்னால் போதும். அந்தப் பெருமையிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகள் ஜெனோஜா, பாலங்கள் கட்டும் கொம்பனியில் பொறியியலாளர், கூட வேலைசெய்யும் கல்லம் கல்பிறேத் என்ற வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போவதாக வந்து சொன்னாள். சொன்ன கையோடு விரலையும் நீட்டினாள்.

“அப்பா, ஒண்டு. உங்கட சீஐடி வேலையை இதில காட்டக்கூடாது. ஐ மீன் இற். காட்டினால் நாங்கள் ரெஜிஸ்ரர் ஒபிஸில போய் எழுதிப்போட்டு வந்திடுவம். கலியாண ஹோல் இல்லை, மேளம் இல்லை, ஒண்டும் இல்லை.”

சற்குணம் தலையாட்டினார். பெடியனின் தகப்பன் இயன், தாய் பியோனா, எல்லோரும் வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள். “நாங்கள் பரம்பரையாக பிரெஸ்பிற்றீரியன்கள். ஸ்ட்ரெதம் மேட்டுத் தேவாலயத்தில் எங்கள் முன்னோர் மூப்பர்களாக இருந்து சபையை நடத்தியவர்கள்,” என்று இயன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். தாங்கள் இப்போது குரோய்டன் பக்கம் போய்விட்டதாகவும், தேவாலயப் பக்கம் போவது நின்றுவிட்டதாகவும், பெருமை மட்டும் நிற்கவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை மைத்துனர் பரமேஸ்வரன். விம்பிள்டன் பிள்ளையார் கோயில் வீதியில், பத்துப் பேர் நிற்கும்போது கேட்டார்.

“என்ன மச்சான், ஊருக்கெல்லாம் விசாரிச்சுக் குடுத்த ஆள். சொந்தப் பிள்ளைக்கு வந்த இடத்தை விசாரிச்சாச்சோ?”

“விசாரிக்காமலோ!” என்றார் சற்குணம்.

“அப்ப சொல்லன். ஆக்கள் ஆர்?”

சற்குணத்துக்கு வாழ்க்கையில் முதல் முறையாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை அவர் தேவாலயத்தின் பின்னறையில் நின்றார்.

வோல்ற்றர் கல்பிறேத் யார் என்பதை மிஸ் டன்பார் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். இந்தச் சபையின் பழைய மூப்பர்களில் ஒருவரான ஜோன் கல்பிறேத்தின் இளைய மகன். கோப்பித் தோட்டம் பார்க்கிறேன் என்று சிலோனுக்குக் கப்பலேறினான். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தக் கிளை நூற்றைம்பது வருடமாக அந்தரத்தில் நிற்கிறது.

“இன்றைக்கு அதில் இலை துளிர்த்திருக்கிறது,” என்று சொல்லி அவருக்கு இன்னொரு பிஸ்கட் வைத்தார்.

ஒரு முறை பார்த்துவிட்டு மெல்ல நழுவிவிடலாம் என்றுதான் சற்குணம் நினைத்தார். ஆனால் பதிவேடுகளைத் திறந்ததும் அவரால் எழும்ப முடியவில்லை.

பழைய காலத்து பிரெஸ்பிற்றீரியன் மூப்பர்கள் திருவிருந்துக்கு முன்னால் வீடு வீடாகப் போவார்களாம். ஆர் குடிக்கிறான், ஆர் மனைவியை அடிக்கிறான், ஆர் கடன் வாங்கிவிட்டுக் கொடுக்காமல் திரிகிறான் என்று விசாரிப்பார்களாம். தகுதியானவர் கையில் மட்டும் ஈயத்தால் செய்த ஒரு சின்ன வில்லை கொடுப்பார்களாம். வில்லை இல்லாதவனுக்குத் திருவிருந்தில் இடமில்லை.

“இது எங்கட வேலையல்லோ!” என்று சற்குணம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

“மன்னிக்கவும்?” என்றார் மிஸ் டன்பார்.

“நல்ல வழக்கம் என்று சொன்னேன்.”

பிறகு பதிவேட்டில் ஜோன் கல்பிறேத் வந்தார். ஸ்கொட்லாந்திலிருந்து கையில் ஒன்றும் இல்லாமல் லண்டனுக்கு வந்த பெடியன். அவன் பேசிய ஆங்கிலம் இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. பாண் பேக்கரியில் வேலை. இரவில் மாவு மூட்டைகளுக்கு மேலேயே படுக்கை. பத்து வருடத்தில் சொந்தப் பேக்கரி. ஓய்வுநாளான ஞாயிறில் பாண் விற்றான் என்று ஒரு நாள் யாரோ முறைப்பாடு செய்ய, மூப்பர்கள் கூடி அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ‘நான் விற்கவில்லை. புருஷன் செத்த பெண் ஒருத்திக்குச் சும்மா கொடுத்தேன். அடுத்த ஞாயிறும் கொடுப்பேன்’ என்று அவன் சொன்னான். கண்டித்து அனுப்பினார்கள். அடுத்த வருடம் அவனையே மூப்பராகத் தெரிவுசெய்தார்கள்.

சற்குணம் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து இன்னொரு முறை வாசித்தார். அவரும் லண்டனுக்கு வந்த புதிதில் பெற்றோல் ஷெட் ஒன்றின் பின்னறையில், சிப்ஸ் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் படுத்தவர். குரோய்டனில் அகதி விண்ணப்பம் எடுக்கும் பெரிய கட்டிடத்துக்கு முன்னால் குளிரில் வரிசையில் நின்றபோது, அவர் சொன்ன ஆங்கிலம் அங்கே இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. ஓஸ்லோ, பாரிஸ், ரொறன்ரோ என்று எத்தனையோ குடும்பங்களை விசாரித்திருக்கிறார். ஒரு குடும்பத்தை விசாரிக்கப் போய் அங்கே தன்னையே கண்டது இதுதான் முதல் தடவை.

அடுத்த சனியும் போனார். அதற்கடுத்த சனியும் போனார். வீட்டில் கேட்டால் மொத்தக்கடைக்குச் சாமான் எடுக்கப் போவதாகச் சொன்னார்.

சிக்கல் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்குள் நடந்து வந்தது. சற்குணம் பின்னால் சோடாப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது மிஸ் டன்பார் ஒரு நீளமான சுருளோடு வந்து, கல்லாவில் நின்ற மனைவி நகுலேஸ்வரியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

“இஞ்சருங்கோ!” என்று நகுலேஸ்வரி கத்திய கத்தலில் பால் எடுக்க வந்த கிழவர் ஒருவர் பாலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சுருளில் ஒரு வம்சமரம். அழகான கையெழுத்து. உச்சியில் ஜோன். அவருக்குக் கீழே ஒரு பக்கம் வோல்ற்றர் வழியாக இறங்கி, நடுவில் கொஞ்சம் புள்ளிக்கோடு போட்டு, அடியில் ‘சற்குணம்’. மற்றப் பக்கம் மூத்த மகன் வழியாக இறங்கி, அங்கேயும் நடுவில் புள்ளிக்கோடு போட்டு, அதே வரிசையில் ‘இயன்’.

“என்னப்பா இது?”

சற்குணத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். “நான் அந்த மனிசிக்குச் சும்மா சொன்ன பொய்யப்பா. நாங்கள் எங்க, கல்பிறேத் எங்க?”

நகுலேஸ்வரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்கட அப்பாவுக்குப் பூனைக்கண்.”

“அதுக்கு?”

“உங்கட சின்ன மாமி வெயிலுக்க நிண்டால் தக்காளிப்பழம் மாதிரிச் சிவப்பா. இந்த நிறம் எங்கால வந்ததெண்டு நான் கலியாணம் கட்டின நாள் துவக்கம் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். இப்பத்தானே விளங்குது!”

“விசர்க்கதை கதையாத. நான் பொய் சொன்னதெண்டு நானே சொல்லுறன்.”

“நீங்கள் பொய் சொல்லுவியள். வெள்ளைக்காரர் கீறி வச்சிருக்கிறதும் பொய்யோ?” என்றவள் திடீரென்று நெஞ்சில் கையை வைத்தாள். “ஐயோ, இஞ்சருங்கோ! நீங்களும் இயனும் ஒரே ஆண்வழி. அப்ப பங்காளி. கல்லம் எங்கட பிள்ளைக்கு அண்ணன் முறையல்லோ!”

அன்றைக்கு முழுவதும் அவள் சமைக்கவில்லை. மூன்று தரம் சொல்லிப் பார்த்தார் சற்குணம். மூன்று தரமும் அவள் தகப்பனாருடைய பூனைக்கண்ணிலேயே வந்து நின்றாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் எப்படிக் கலியாணம் பேசுவது என்று அழத் தொடங்கினாள்.

பொய்யை ஒழிக்க முடியாதென்றால் அதைத் திருத்தலாம் என்று அவருக்குப் பட்டது. மிஸ் டன்பாருக்குப் போன் செய்தார்.

“மரத்தில் ஒரு சின்னத் திருத்தம். எங்கள் வழி வோல்ற்றருடைய மகனால் வரவில்லை. மகளால் வந்தது.”

“வோல்ற்றருக்கு மகள் இருந்தாளா!” மறுமுனையில் கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. “பெயர் என்ன?”

சற்குணம் பெயர் ஒன்றை யோசித்து வைத்திருக்கவில்லை. எதிரே குளிர்பெட்டியில் மாஜரீன் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

“மார்... மார்ஜரி.”

“மார்ஜரி! எவ்வளவு அழகான பெயர்.”

திருத்திய மரம் வந்ததும் நகுலேஸ்வரியின் முகம் மலர்ந்தது. மகன் வழியில் இயன், மகள் வழியில் சற்குணம் என்றால் இருவரும் மச்சான்மார். இரண்டு மச்சான்மாருடைய பிள்ளைகள் என்றால் கல்லம் ஜெனோஜாவுக்கு முறை மச்சான். இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் உலகத்தில் உண்டா? அவள் முதலில் போன் செய்தது தமையன் பரமேஸ்வரனுக்கு.

வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலில் பரமேஸ்வரன் தோளில் சால்வையைத் தட்டிப் போட்டுக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னார்.

“உலகத்தில ஆரும் செய்வினமோ? லண்டனில கோடிக்கணக்கில வெள்ளைக்காரர் இருக்கினம். அதுக்குள்ள தேடித் தேடி மகளுக்கு முறை மாப்பிள்ளையைக் கண்டுபிடிச்சிருக்கிறான் என்ர மச்சான்!”

எல்லோரும் சற்குணத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுப்பதற்காக வாயைத் திறந்தவர் அந்தப் பார்வைகளைக் கண்டதும் மூடிக்கொண்டார். மெல்ல மீசையைத் தடவினார். கொஞ்ச நேரத்துக்கு அவருக்கே வோல்ற்றரின் மேல் ஒரு பாசம் உண்டானது.

தேவாலயத்தின் ஆண்டு விழா ஞாயிறு பின்னேரம் நடந்தது. வோல்ற்றரின் வழித்தோன்றலாகச் சற்குணம் மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மிஸ் டன்பார் கேட்டிருந்தார். போகாமல் இருந்தால் அந்த மனிசி கடைக்கே வந்துவிடும். ஆனபடியால் போய், இரண்டு வார்த்தை பேசி, அதோடு இந்தக் கதையை முடித்துவிடலாம் என்று நினைத்தார். நகுலேஸ்வரி பட்டுச்சேலையில், மூன்று தட்டு மட்டன் ரோல்ஸோடு வந்தாள். பரமேஸ்வரன் வேட்டியில் வந்து முன்வரிசையில் இருந்தார்.

“உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன்,” என்று மிஸ் டன்பார் கண்ணைச் சிமிட்டினார். “உங்களுடைய உறவினரைக் கண்டுபிடித்துவிட்டேன்.”

கதவு திறந்தது. இயனும் பியோனாவும் வந்தார்கள். சக்கர நாற்காலியில் இயனின் தகப்பன், அதிகம் பேசாத கிழவர் ரொபேட். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கல்லம். அவனுக்குப் பக்கத்தில் ஜெனோஜா.

“அப்பா? நீங்கள் என்ன இஞ்ச?”

“நீ என்ன இஞ்ச?”

“கல்லமின்ர ஃபமிலி சேர்ச். சிலோன் கசின் ஒருத்தர் கிடைச்சிருக்கிறாராம். அவரைப் பார்க்க...” ஜெனோஜா சுவரில் பெரிதாக ஒட்டியிருந்த வம்சமரத்தைப் பார்த்தாள். அடியில் இருந்த பெயரைப் பார்த்தாள். திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். “ஓ மை கோட். அப்பா.”

சற்குணம் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போவதற்குள் நகுலேஸ்வரி பியோனாவைக் கட்டிப்பிடித்துவிட்டாள்.

“நாங்கள் கசின்ஸ்!” என்று தன்னுடைய முழு ஆங்கிலத்தையும் திரட்டிச் சொன்னாள். “உங்கள் மகன், எங்கள் மகள், கசின்ஸ். கலியாணத்துக்கு வெரி வெரி குட்!”

பியோனாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. இயனின் முகத்தில் இருந்த கொஞ்ச நிறமும் போய்விட்டது.

“கசின்ஸா? எவ்வளவு நெருக்கம்?”

“மிகவும் நெருக்கம்!” என்றாள் நகுலேஸ்வரி பெருமையோடு.

கல்லம் தன்னை அறியாமல் ஜெனோஜாவிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றான். அவள் பார்த்த பார்வையில் மறுபடி கிட்ட வந்தான்.

“சற்குணம்,” என்று இயன் தாழ்ந்த குரலில் சொன்னார். “தயவுசெய்து பிழையாக எடுக்காதீர்கள். எங்கள் ஆட்கள் சொந்தத்துக்குள் கட்டமாட்டார்கள். இது நிச்சயமானால் நாங்கள் இதை யோசிக்கவேண்டும். டொக்டரிடம் கேட்கவேண்டும்.”

“என்னவாம்?” என்றாள் நகுலேஸ்வரி.

“சொந்தமெண்டால் கலியாணம் வேண்டாமாம்.”

“சொந்தமில்லாட்டில் எனக்கு என்னத்துக்கு?” என்றாள் அவள்.

எத்தனையோ கலியாணங்களைச் சேர்த்தும் பிரித்தும் வைத்த சற்குணம், இப்போது சொந்தம் என்றால் ஒரு வீட்டாரும், சொந்தம் இல்லையென்றால் மற்ற வீட்டாரும் எழும்பிப் போகிற இடத்தில் வந்து நின்றார். ஜெனோஜாவின் கண் சிவந்திருந்தது. அந்தக் கண்ணைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“இப்போது வோல்ற்றரின் குடும்பத்திலிருந்து...” என்று மிஸ் டன்பார் மைக்கில் கூப்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

சற்குணம் மேடையில் ஏறினார். மைக்கைப் பிடித்தார்.

“நான் கல்பிறேத் இல்லை,” என்றார்.

மண்டபத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“எனக்கும் வோல்ற்றருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மார்ஜரி என்று ஒருத்தி இல்லவே இல்லை. அது மாஜரீன். மிஸ் டன்பார் என்னை மன்னிக்கவேண்டும். நான் இங்கே வந்தது என் மகள் வாழப்போகிற வீடு எப்படிப்பட்டது என்று பார்ப்பதற்கு. எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு பழக்கம் உண்டு. நான் அதில் பெரிய ஆள் என்று பெயர்.” முன்வரிசையில் பரமேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். “குறை ஏதும் இருக்கிறதா என்று தேடித்தான் வந்தேன். ஆனால் எனக்குக் கிடைத்தது, மாவு மூட்டையில் படுத்துக் கிடந்த ஒரு பெடியன். நானும் அப்படிக் கிடந்தவன்தான். அவனை இந்த மண்டபத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டபோது, அடுத்த ஞாயிறும் பாண் கொடுப்பேன் என்று அவன் சொன்னான். எனக்கு அப்படி ஒரு பாட்டன் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் என் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.” அவர் கல்லம் நின்ற பக்கம் திரும்பினார். “அந்த வீட்டுக்கு என் பிள்ளையைக் கொடுப்பது எனக்குப் பெருமை. அவ்வளவுதான்.”

இறங்கி வரும்போது முதலில் கைதட்டியது இயன். எழுந்து நின்று தட்டினார். அவருடைய கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பிறகு மண்டபமே தட்டியது. பியோனா நகுலேஸ்வரியைக் கட்டிப்பிடித்தாள். இந்த முறை அவளாகவே. நகுலேஸ்வரி அவளுடைய தோளுக்கு மேலால் “அப்ப முறை இல்லையோ?” என்று வாயசைத்துக் கேட்டாள். இல்லை என்று சற்குணம் தலையாட்டினார். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, “சரி, ஆக்கள் நல்ல ஆக்கள்தானே,” என்று மருமகனுக்கு ரோல்ஸ் எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

பரமேஸ்வரன் சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்தார். “முறையோ முறையில்லையோ, விசாரிப்பெண்டால் இதல்லோ மச்சான் விசாரிப்பு. அஞ்சு தலைமுறை! லண்டனில ஆருக்கு வரும்?”

மிஸ் டன்பார் சுவரில் இருந்த மரத்தில் மார்ஜரியின் பெயரை விரலால் தடவினார். “மார்ஜரியை எனக்குப் பிடித்திருந்தது,” என்று மட்டும் சொன்னார். சற்குணம் அவருக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்து, இரண்டு பிஸ்கட்டும் வைத்தார்.

ஜெனோஜா கடைசியாக வந்தாள். “நான் இன்னும் கோவமாத்தான் இருக்கிறன்,” என்று சொல்லிக்கொண்டே தகப்பனுடைய கையைக் கோத்துக்கொண்டாள். “பட், நல்ல ஸ்பீச் அப்பா.”

சற்குணத்துக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு, கூட்டத்திலிருந்து விலகி, தனியே இருந்த கிழவர் ரொபேட்டின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எப்படி ஐயா, உங்களுடைய குடும்பத்தைப் பற்றி நான் சொன்னது எல்லாம் சரிதானே?”

கிழவர் திரும்பி மகனைப் பார்த்தார். இயன் தூரத்தில், யாரிடமோ ஜோனின் பேக்கரியைப் பற்றிக் கையை விரித்து விளக்கிக்கொண்டிருந்தார். கிழவர் விரலை அசைத்துச் சற்குணத்தைக் கிட்டக் கூப்பிட்டார்.

“கலியாணம் இனி நிற்காதுதானே?”

“நிற்காது ஐயா. நாளும் வைத்தாகிவிட்டது.”

“அப்படியானால் சொல்லலாம். நான் லண்டனுக்கு வந்த காலத்தில், அயர்லாந்துக்காரனுக்கு இடமில்லை என்று வீட்டு ஜன்னல்களில் எழுதி வைத்திருப்பார்கள். இந்தத் தேவாலயம் ஸ்கொட்லாந்துப் பெடியன்களுக்கு மட்டும் படுக்க இடம் கொடுத்தது.”

“உங்களுக்கு அதனால் என்ன கஷ்டம் ஐயா? நீங்கள் ஸ்கொட்லாந்துதானே?”

கிழவர் அவருடைய கையிலிருந்த ரோல்ஸை மெல்ல வாங்கி ஒரு கடி கடித்தார்.

“என் உண்மையான பெயர் டொகர்ட்டி, தம்பி. அசல் அயர்லாந்துப் பெயர். நானும் உன்னைப்போல இங்கே வந்து நின்று ‘கல்பிறேத்’ என்றுதான் சொன்னேன். ஆனால் உன்னைப்போல அவசரப்பட்டு மைக்கைப் பிடிக்கவில்லை.”